திருச்சி – தஞ்சை – கும்பகோணம்: ரயில் வந்து சேரும்போது பஸ் ஏன் கிளம்பிப் போயிருக்கிறது?

பாபநாசத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சொல்வது தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம். அருவி இருக்கிற பாபநாசம் இல்லை. போன தடவை இங்கே ஒரு கேள்வி போட்டபோது பாதிப் பேர் அம்பாசமுத்திரம் வண்டி நேரத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு வேலை துவாக்குடியில், பாய்லர் பாகங்கள் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில். எட்டு வருஷமாகப் போய் வருகிறேன். ரயிலில் போனால் பாபநாசத்தில் ஏறி, தஞ்சாவூர், பூதலூர் எல்லாம் தாண்டி, திருவெறும்பூரில் இறங்க வேண்டும். ஆனால் துவாக்குடி, திருவெறும்பூருக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, அதாவது நான் என் வேலையிடத்தைத் தாண்டிப் போய் இறங்கி, அப்புறம் டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ வந்த திசையிலேயே திரும்ப வேண்டும். பஸ்ஸில் போனால் துவாக்குடி வாசலிலேயே இறங்கிவிடலாம், சரி, ஆனால் தஞ்சாவூரில் மாற வேண்டும், அங்கே பழைய பஸ் ஸ்டாண்ட் ஒரு பக்கம் புது பஸ் ஸ்டாண்ட் ஒரு பக்கம், காலை நேர நெரிசலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதே தனி பிரயாணம்.

ரயிலில்தான் போகிறேன். சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆகிறது, உட்கார இடமும் கிடைக்கிறது, அய்யம்பேட்டை வருவதற்குள் ஒரு தூக்கமும் போடலாம்.

என் பிரச்சினை ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளிதான். திருவெறும்பூரில் இறங்கி, கூட்டத்தோடு தள்ளுமுள்ளில் வெளியே வந்து, மெயின் ரோட்டுக்கு ஓடி வந்தால் டவுன் பஸ்ஸின் பின்பக்கம் தெரியும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பெரும்பாலான நாள் இதே கதைதான். என் பக்கத்து வீட்டுப் பையன் அந்த பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கிற அய்யனார் படத்தை மனப்பாடமாக வரைந்து காட்டுவான், அவ்வளவு தடவை பார்த்திருக்கிறோம். அடுத்தது வருவதற்கு இருபது நிமிஷம், சில நாள் இன்னும் கூட. சாயங்காலம் இதே கதை தலைகீழாக: பஸ் பால்பண்ணைப் பக்கம் நெரிசலில் மாட்டி லேட்டாக வரும், நான் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது கடைசிப் பெட்டி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

போன மாதம் பட்டறைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நேரம் குறித்துப் பார்த்தேன். வண்டி ஓடுகிற நேரம் எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. மாறுகிற இடத்தில் சும்மா நின்ற நேரம்தான் வயிற்றெரிச்சல்.

கேள்வி இதுதான். ரயில் நேரத்துக்கு ஏற்ற மாதிரி பஸ்ஸை விடச் சொல்லி யாரிடம் கேட்பது? இரண்டும் வேறு வேறு ஆட்கள் கையில் இருப்பது தெரியும், ஆனால் ஒரு டைம் டேபிளைப் பார்த்து இன்னொன்றை எழுதக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? அப்புறம் கும்பகோணம், மாயவரம் பக்கமிருந்து தினமும் திருச்சி போகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? முக்கியமாகத் திருச்சி பஸ் ஸ்டாண்ட் பஞ்சப்பூருக்குப் போன பிறகு?


பச்சைக்கொடி எழுதியது:

தம்பி, நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 2022இல் அந்தப் பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டார்கள். நான் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் எனக்கு மேனேஜர் ஆகும் பாக்கியம் இல்லை.

உங்கள் வண்டி ஏன் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், பஸ்ஸை அப்புறம் பார்ப்போம். பொன்மலையிலிருந்து தஞ்சாவூர் வரை இரட்டைப் பாதை. தஞ்சாவூரைத் தாண்டினால் கும்பகோணம் பக்கமும் திருவாரூர் பக்கமும் ஒற்றைப் பாதைதான். மின்மயமாக்கிவிட்டார்கள், எஞ்சின் புகை போய்விட்டது, ஆனால் தண்டவாளம் ஒன்றுதானே. ஒற்றைப் பாதையில் ஐந்து நிமிஷத் தாமதம் ஐந்து நிமிஷமாகவே இருக்காது. எதிரே வருகிற வண்டிக்காக நீங்கள் லூப்பில், அதாவது ஸ்டேஷனில் பக்கத்தில் போட்ட தண்டவாளத்தில், ஒதுங்க வேண்டும், அது வரும் வரை உங்கள் சிக்னல் சிவப்பு. எதிர் வண்டி சென்னை எக்ஸ்பிரஸ் என்றால் யாருக்கு முன்னுரிமை என்று கேட்கவே வேண்டாம். ஐந்து நிமிஷம் இருபது நிமிஷமாகிவிடும். இதோடு சம்பா அறுவடை முடிந்தால் நெல் ஏற்றின சரக்கு வண்டி, வருஷம் முழுக்கக் காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி வண்டி, பெரும்பாலும் திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்கு வந்துதான் திருச்சி போகும். சரக்கு வண்டிதான் ரயில்வேக்குச் சோறு போடுகிறது. பத்து ரூபாய் டிக்கெட் எடுத்தவரை அது மதிக்காது.

இன்னொரு ரகசியம். டைம் டேபிள் போடும்போது வண்டி முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூடுதல் நிமிஷங்களை ஒளித்துவைப்பார்கள். வழியில் பதினைந்து நிமிஷம் லேட்டாக ஓடின வண்டி திருச்சி ஜங்ஷனுக்குச் சரியான நேரத்தில் போய் நிற்பது அதனால்தான். ரிப்போர்ட்டில் வண்டி ரைட் டைம். பூதலூரிலும் திருவெறும்பூரிலும் இறங்கினவனுக்கு மட்டும்தான் அது லேட்டான வண்டி. பஸ்ஸை டைம் டேபிளில் அச்சான நேரத்துக்கு விட்டால் திருச்சியில் பிடிக்கலாம், உங்கள் திருவெறும்பூரில் பிடிக்க முடியாது. ஆகவே நடுவழி ஸ்டேஷனுக்கு பஸ் விடுகிறவர், அச்சடித்த நேரத்தை விட்டுவிட்டு ஒரு மாசம் பிளாட்பாரத்தில் நின்று உண்மையில் எப்போது வருகிறது என்று குறிக்க வேண்டும். உங்கள் நோட்டு இந்த வகையில் தங்கம், கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினம் – திருச்சி பாதை 1861–62இல் போட்டது. தென்னிந்தியாவில் ஆரம்பத்தில் வந்த பாதைகளில் ஒன்று. முதலில் அகலப் பாதையாகப் போட்டு, 1875இல் மீட்டர் கேஜாகக் குறுக்கி, நூறு வருஷத்துக்கும் மேல் கழித்துத் திரும்ப அகலமாக்கினார்கள். சென்னையிலிருந்து கும்பகோணம் வழியாகத் திருச்சி போவதற்குப் பெயரே மெயின் லைன். விருத்தாசலம் வழியாகக் குறுக்குப் பாதையாகக் கார்டு லைன் வந்தது (என் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது வேறு கார்டு), வேகமான வண்டியெல்லாம் அந்தப் பக்கம் போயிற்று, இரட்டைப் பாதையும் அதற்கே முதலில் கிடைத்தது. விழுப்புரம் – மயிலாடுதுறை அகலப் பாதை ஆகி முடிய 2010 ஆகிவிட்டது. பெயரில் மட்டும் நாம் இன்னும் மெயின் லைன்.


டபுள் விசில் எழுதியது:

நான் பஸ் ஆள். தனியார் பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டர், எந்த ரூட் என்று இங்கே வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்தார் கேட்பது நியாயம்தான். ஆனால் பஸ் ஏன் நிற்காது என்று சொல்கிறேன். தனியார் பஸ்ஸுக்கு பெர்மிட்டிலேயே நேரம் இருக்கும். எத்தனை மணிக்கு எந்த ஸ்டாண்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று. அதைத் தருவது ஆர்.டி.ஏ. என்கிற வட்டாரப் போக்குவரத்து ஆணையம், நம் ஊரில் கலெக்டர்தான் அதற்குத் தலைவர். எனக்கு முன்னால் ஏழு நிமிஷத்தில் ஒரு பஸ், பின்னால் ஒன்பது நிமிஷத்தில் ஒரு பஸ். நான் ஸ்டேஷன் ரோட்டில் ரயிலுக்காக நாலு நிமிஷம் நின்றேன் என்று வையுங்கள், பின்னால் வருகிறவன் என் பக்கத்தில் வண்டியை அணைத்து நிறுத்தி, 'என் டைம்ல ஏன்டா ஆள் ஏத்துற' என்று ஆரம்பிப்பான். அடுத்த நாள் இரண்டு முதலாளிகளும் போனில் பேசுவார்கள். எனக்குக் கலெக்‌ஷனில்தான் பேட்டா. ரயில் வராமல் போன நாள் அந்த நாலு நிமிஷம் என் பாக்கெட்டிலிருந்து போகிறது.

அரசு பஸ்ஸில் வேலை செய்கிற நண்பர்களுக்குக் கலெக்‌ஷன் நெருக்கடி இவ்வளவு இல்லை, ஆனால் ட்ரிப் நேரம், டூட்டி மாற்றும் நேரம் என்று வேறு கயிறு.

இருந்தாலும் ஒரு கதை சொல்கிறேன். சில வருஷம் முன்னால் சாயங்கால ட்ரிப்பில் ஒரு டீச்சர் கூட்டம் ரயிலில் வந்து இறங்கி என் பஸ்ஸில் ஏறும். பதினாலு பதினைந்து பேர். அதில் ஒரு அம்மாவிடம் என் நம்பர் இருந்தது. வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே மாட்டிக்கொண்டால் போன் வரும்: 'தம்பி, அவுட்டர்ல நிக்குது, பச்சை விழுந்துடும், கொஞ்சம் பாத்துக்க.' நான் டிரைவரிடம் சொல்வேன். அவர் டீக்கடை ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டு டயரைத் தட்டிப் பார்ப்பது மாதிரி ஒரு சுற்று சுற்றி வருவார். மூன்று நிமிஷம் ஓடிவிடும். பின்னால் வருகிற பஸ் கண்டக்டரிடமும் பேசி வைத்திருந்தேன், மழைக்காலத்தில் அவன் லேட்டானால் நான் கண்டுகொள்ளமாட்டேன் என்று. இரண்டு வருஷம் ஓடியது இது. ஒரு நாள் கூட அவர்கள் ரோட்டில் நிற்கவில்லை.

அப்புறம் எனக்கு வேறு பஸ் போட்டார்கள். புதிதாக வந்தவருக்கு அந்த அம்மாவின் நம்பர் தெரியாது. அவ்வளவுதான், இணைப்பு போயிற்று. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இப்போது ஸ்கூட்டி.

ஆகவே என்னைக் கேட்டால், புதுப் பாதை கேளுங்கள், புது வண்டி கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் முதலில் அந்த போன் காலை யாராவது ஆபீஸ் வேலையாகச் செய்யுங்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியும். பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பருக்கு எந்த பஸ் கிளம்பப் போகிறது என்று தெரியும். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

இன்னொன்று, ஸ்டேஷன் வாசலில் பஸ் திரும்ப இடம் வேண்டும். சின்ன ஸ்டேஷன்களில் டூ வீலரும் ஆட்டோவும் நிற்கிற இடத்தில் முப்பத்தைந்தடி வண்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். அம்ருத் பாரத் திட்டத்தில் தஞ்சாவூர், கும்பகோணம் ஸ்டேஷன்களை எல்லாம் புதுப்பிக்கிறார்கள், முகப்பு வளைவு நன்றாகத்தான் இருக்கும். வளைவுக்குப் பக்கத்தில் இரண்டு பஸ் நிற்க ஒரு ஓரம் விட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.


எக்ஸ்எல்_சூப்பர் எழுதியது:

எட்டு வருஷமாக இப்படி நிற்பதற்கு ஒரு பைக் வாங்கியிருந்தால் இந்நேரம் தவணையே முடிந்திருக்கும் சார்.


பாபநாசத்தான் எழுதியது:

@எக்ஸ்எல்_சூப்பர் அறுபது கிலோமீட்டருக்கு மேல் வருகிறது சார், ஒரு வழி மட்டும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அந்த ரோட்டில் பைக்கில் வந்த ஒருத்தரைப் பட்டறையில் இழந்திருக்கிறோம். அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

நான் துவாக்குடி பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருஷம். அண்ணன்கள் எல்லோரும் நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், காசைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமா?

எங்கள் அம்மாவுக்குத் தஞ்சாவூர் மெடிக்கலில் (மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்க வேண்டும். ஊரிலிருந்து பாசஞ்சரில் வந்தால் பத்து ரூபாய் (கொரோனா சமயத்தில் முப்பது ஆக்கியதை 2024 பிப்ரவரியில்தான் திரும்பப் பத்தாக்கினார்கள், அது வரை நாங்கள் ரயில் பக்கமே போகவில்லை). ஆனால் ஸ்டேஷனில் இறங்கி மெடிக்கலுக்கு ஆட்டோ பிடித்தால் ரயில் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. அதனால் அம்மா என்ன செய்வார் தெரியுமா, இளஞ்சிவப்பு முகப்பு போட்ட டவுன் பஸ்ஸாகப் பார்த்து மூன்று பஸ் மாறி வருவார். 2021இலிருந்து பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை. வெளியூர் போகிற மொபசல் பஸ்ஸில் அது செல்லாது. ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஆகிறது, ஆனால் செலவு சுழியம். ரயில் காலியாகப் போகிறது, டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஸ்டேஷன் வாசலுக்கே அந்த இளஞ்சிவப்பு பஸ் வந்துவிட்டால் அம்மா பத்து ரூபாய் கொடுத்து ரயிலில்தான் வருவார். நேரம் ஒத்துப்போவது ஒரு பக்கம், எந்த மாதிரி பஸ் வந்து நிற்கிறது என்பதும் பாருங்கள்.

அப்புறம் இருட்டு. கல்லூரி முடித்து லேப் இருந்தால் வெளியே வர ஏழாகிவிடும். சின்ன ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தின் நடுவில் மட்டும் வெளிச்சம். பெண்கள் பெட்டி நிற்கிற கோடியில் இருக்காது. ஸ்டேஷனுக்கு வெளியே ரோடு வரை இன்னும் மோசம். நானும் என் தோழிகளும் அதனால்தான் கூட்டமாக இருந்தாலும் பஸ்ஸிலேயே வருகிறோம். இணைப்பு என்றால் அந்த இருநூறு மீட்டர் நடையும் சேர்த்துத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பஞ்சப்பூர் பற்றிக் கேட்டீர்கள். முன்னால் திருச்சி ஜங்ஷனில் இறங்கினால் மத்திய பேருந்து நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம், வழியில் ஒரு டீ குடிக்கலாம். 2025 ஜூலை 16இலிருந்து அங்கே வந்துபோன வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூரில். இடம் தாராளம், சுத்தம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து தஞ்சாவூர் ரயிலைப் பிடிக்க நினைக்கிறவர் இப்போது நடுவில் ஒரு டவுன் பஸ் ஏற வேண்டும். ஊருக்குள் நெரிசல் குறைந்தது, இந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு மாறுதல் கூடியது.


பேர்ன் கண்ணன் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பது வருசமாக சுவிஸில். இந்த இழையை வாசித்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே கோச்சி (நாங்கள் ரயிலை அப்படித்தான் சொல்லுவோம்) வந்து நிற்கும்போது மஞ்சள் பஸ் வெளியில் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இவன்கள் மணிக்கூடு செய்கிறவன்கள், பிறவியிலேயே நேரம் பார்ப்பான்கள் என்று சொல்லுவினம். அப்படியில்லை. 1982 மே மாதத்தில்தான் நாடு முழுக்க ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரே நிமிசத்தில் ரயில் என்ற முறை வந்தது. பிறகு 1987 டிசம்பரில் சனங்களிடம் வாக்குக் கேட்டு, ரயில் 2000 என்ற திட்டத்துக்குச் சம்மதம் வாங்கினார்கள். முதல் கட்ட வேலை முடிந்து புது நேர அட்டவணை வந்தது 2004 டிசம்பரில். பதினேழு வருசம்.

நான் கவனித்த விசயம் என்னவென்றால், அவர்கள் முதலில் தண்டவாளம் போடவில்லை. முதலில் நேர அட்டவணையை எழுதினார்கள். பேர்னுக்கு எல்லாத் திசையிலிருந்தும் வண்டிகள் மணி அடிக்க ஒரு சில நிமிசம் இருக்க வந்து, மணி அடித்துச் சில நிமிசத்தில் வெளிக்கிட வேண்டும் என்றால், சூரிச்சிலிருந்து பேர்னுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட வேண்டும். அதற்கு எங்கே புதுப் பாதை தேவையோ அங்கே மட்டும் போட்டார்கள். இப்ப ஐம்பத்தாறு நிமிசம். இன்னும் வேகமாக ஓட வைக்க நினைத்திருக்கலாம், ஆனால் முன்னுக்கே போய்ச் சேர்ந்து மற்ற வண்டிக்காகக் காத்திருக்கிறதால் யாருக்கு என்ன பிரயோசனம்?

தஞ்சாவூரை சுவிஸோடு ஒப்பிடுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். காசும் வேறு, சனத்தொகையும் வேறு. ஊரில் 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணக் கோச்சி திரும்பி வர 2014 ஒக்ரோபர் ஆனது, நாங்கள் கோச்சி வந்தாலே காணும் என்று இருந்த ஆக்கள். ஆனால் டபுள் விசில் தம்பி சொன்ன அந்த ரீச்சரின் போன் கதை இருக்கிறதே, அதைத்தான் இங்கே இவர்கள் நாடு முழுக்கச் செய்து வைத்திருக்கிறார்கள்.


பச்சைக்கொடி எழுதியது:

கண்ணன் சார், நல்ல பதிவு. ஆனால் ஒற்றைப் பாதையில் மணிக்கொரு வண்டி என்று ஆரம்பித்தால் எந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்று பார்க்கிற எங்கள் கன்ட்ரோலர் மயங்கி விழுவார். நம் ஊருக்கு நான் சொல்வது இதுதான்: பொன்மலை – தஞ்சாவூர் இரட்டைப் பாதைதானே, அந்த ஐம்பது கிலோமீட்டரில் மட்டும் மெமு என்கிற, தனி எஞ்சின் இல்லாத மின்சார வண்டி ஒன்றைக் காலையும் மாலையும் ஷட்டில் அடிக்க விடலாம். இரண்டு பக்கமும் டிரைவர் கேபின் இருப்பதால் எஞ்சினைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு வந்து மாட்டும் வேலை இல்லை, நின்று கிளம்பவும் சுறுசுறுப்பு. கும்பகோணம் பக்கத்துத் தாமதம் எல்லாம் தஞ்சாவூரோடு நின்றுவிடும், திருவெறும்பூருக்கு அது வந்து ஒட்டாது. பாபநாசத்தாருக்குத் தஞ்சாவூரில் ஒரு மாறுதல் கூடும், அது உண்மை. ஆனால் பிளாட்பாரம் விட்டுப் பிளாட்பாரம் மாறுவதும் பஸ் ஸ்டாண்ட் விட்டு பஸ் ஸ்டாண்ட் மாறுவதும் ஒன்றல்ல.


மணிக்கூண்டு எழுதியது:

மினி பஸ்ஸை யாரும் சொல்லவில்லையே. புது மினி பஸ் திட்டத்தை 2025 ஜூன் 16 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்ததே நம் தஞ்சாவூரில்தான். ஒரு ரூட் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. பாருங்கள், சின்ன ரயில்வே ஸ்டேஷன்களுக்குப் போகிற ரோடு பல இடத்தில் பஸ் போகாத ரோடுதான். ஆலக்குடி, சோளகம்பட்டி மாதிரி ஸ்டேஷன்கள் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளித்தான் இருக்கின்றன. இருபத்தைந்து சீட் வண்டி அங்கே திரும்பவும் திரும்பும். ரூட் போடும்போது ஸ்டேஷனைத் தொட்டுக்கொண்டு போனால் இந்த இழையில் பாதிப் பிரச்சினை முடிந்தது.

சென்னையில் 2025 செப்டம்பரில் சென்னை ஒன் என்று ஒரு செயலி கொண்டு வந்தார்கள், பஸ், மெட்ரோ, லோக்கல் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். அதை இங்கேயும் கேட்போம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதில் இப்போதைக்கு ஆர்வமில்லை. ஒரே டிக்கெட் கையில் இருந்தும் பஸ் போய்விட்டால் டிக்கெட்டை என்ன செய்வது, விசிறிக்கொள்ளலாம்.


பாபநாசத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை.

வெண்ணாற்றங்கரைத் தங்கச்சி சொன்ன இளஞ்சிவப்பு பஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவியிடம் கேட்டேன், 'இது கூடவா உங்களுக்குத் தெரியாது' என்று சிரிக்கிறாள். அவளும் அப்படித்தான் மெடிக்கலுக்குப் போய் வருகிறாளாம்.

நான் முடிவு செய்திருப்பது சின்ன விஷயம். மெமு, இரட்டைப் பாதை எல்லாம் பெரியவர்கள் கேட்கட்டும். டிவிஷன் அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது, அதில் உறுப்பினராக இருக்கிற ஒருவரைப் பட்டறையில் ஒருத்தருக்குத் தெரியும், அவரிடம் பச்சைக்கொடி ஐயா எழுதியதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். நான் கேட்கப்போவது திருவெறும்பூரில் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ், அதன் நேரத்தைப் பன்னிரண்டு நிமிஷம் தள்ளி வைக்க வேண்டும், ஸ்டேஷன் பக்கமாக வந்து போக வேண்டும், அவ்வளவுதான். கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாள் திங்கட்கிழமை. திருவெறும்பூர் திருச்சி மாவட்டம் என்பதால் திருச்சிக்குத்தான் போக வேண்டும், அரை நாள் லீவு. மனுவோடு நோட்டில் குறித்த நேரத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறேன். அதற்கு முன்னால் இன்னும் ஒரு மாசம் குறிக்கப் போகிறேன், மழை நாளும் அதில் வரட்டும்.

கூடவே ஒரு கையெழுத்துப் பட்டியல். காலை வண்டியில் நான் பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி. திருவெறும்பூரில் இறங்கித் துவாக்குடி போகிறவர்கள் வந்து பார்த்தால் போதும், பேனா என்னிடம் இருக்கும்.

@டபுள் விசில், மனு பாஸாகிறதோ இல்லையோ, அந்த டவுன் பஸ் கண்டக்டர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?


டபுள் விசில் எழுதியது:

அந்தப் பக்கம் என் மச்சான் ஓடுகிறான், அதே பஸ் இல்லை, ஆனால் அந்த கண்டக்டரோடுதான் டீ குடிப்பான். நம்பர் வாங்கித் தனி மெசேஜில் அனுப்புகிறேன். முதல் தடவை போன் செய்யும்போது ரயில் நிஜமாகவே பக்கத்தில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். 'இதோ வந்துட்டோம்' என்று ஆலக்குடியிலிருந்து சொன்னீர்கள் என்றால் இரண்டாவது தடவை எடுக்க மாட்டார்.


பச்சைக்கொடி எழுதியது:

பூதலூர் தாண்டினதும் பண்ணுங்கள் தம்பி. அதற்கப்புறம் நிறுத்தினால் சிக்னல்தான் நிறுத்தும், அது எங்கே எவ்வளவு நேரம் என்று எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், சொல்கிறேன்.